ஆண்களின் இடுப்புத்தளத் தசைகள்: இறுக்கவும் தெரிய வேண்டும், தளர்த்தவும் தெரிய வேண்டும்

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுத்தவரைச் சிறுநீர் டியூபோடுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து மருத்துவமனைக்குப் போய் டியூபை எடுத்துக்கொள்வார். எடுத்த பிறகு கட்டிலை விட்டு எழுந்து நிற்பார். நிற்கும் அந்த நொடியிலேயே வேட்டி நனைந்துவிடும். இருமினால் நனையும், தும்மினால் நனையும், குனிந்து செருப்பை எடுத்தாலும் நனையும். கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் தாளின் அடியில் 'கெகல் பயிற்சி செய்யவும்' என்று, அதாவது இடுப்புத்தளத் தசையை இறுக்கி விடச் சொல்லி, ஒரு வரி இருக்கும். எந்தத் தசை, எப்படி, எத்தனை முறை என்று அதில் பெரும்பாலும் இருக்காது. வீட்டுக்கு வந்து யூடியூபில் தேடினால் பிரசவமான பெண்களுக்கான வீடியோக்களும் 'ஆண்மை பெருக' வகை வீடியோக்களும் வரிசைகட்டி நிற்கும்.

அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருப்பதைத்தான் இங்கே விரித்துச் சொல்லப் போகிறேன். பெல்விக் ஃப்ளோர் ரீஹேப் என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் இடுப்புத்தள மறுவாழ்வுப் பயிற்சி, அறுவை சிகிச்சை ஆனவர்களோடு முடிந்துபோவதில்லை. சிறுநீர் கழித்து முடித்த பிறகு சொட்டுவது, கழிப்பறைக்குப் போவதற்குள் அடக்க முடியாமல் போவது, முக்கி முக்கியும் மலம் முழுதாக வராதது, விறைப்புக் குறைவு, விதைப்பைக்குப் பின்னால் மாதக்கணக்கில் விடாத வலி என்று பல தொல்லைகளுக்கும் இந்தத் தசைகளோடு தொடர்பு உண்டு. எல்லாருக்கும் ஒரே வைத்தியமாக 'இறுக்கு, இறுக்கு' என்று சொல்லிவிடுவதில்தான் ஆபத்து. சிலருக்குத் தசை பலவீனமாக இருக்கும். வேறு சிலருக்குத் தசை விடாமல் இறுகிக் கிடப்பதே நோயாக இருக்கும். அவர்கள் கெகல் செய்தால் வலி கூடத்தான் செய்யும்.

அங்கே என்ன இருக்கிறது

அடிவயிறு முடியும் இடத்தில் கையை வைத்து அழுத்தினால் ஓர் எலும்பு தட்டுப்படும். முதுகுத்தண்டின் அடியில் வால் எலும்பு இருக்கிறது. முன்னால் இருக்கும் அந்த எலும்பிலிருந்து பின்னால் இருக்கும் வால் எலும்பு வரைக்கும் தூளி கட்டியதுபோலத் தசைகள் விரிந்திருக்கின்றன. சிறுநீர்ப்பை, புராஸ்டேட், மலக்குடல் எல்லாம் இந்தத் தூளியின் மேல்தான் அமர்ந்திருக்கின்றன. சிறுநீர்க்குழாயும் மலக்குடலும் இதைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் இருமும்போதும் வயிற்றுக்குள் ஏறும் அழுத்தத்தை இந்தத் தளம் கீழிருந்து தாங்குகிறது.

ஆழத்தில் இருக்கும் பெரிய தசைகள் தாங்குவதற்கு. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே, தோலுக்குச் சற்று உள்ளே, மெல்லிய தசைகள் சில இருக்கின்றன. ஆண்களுக்கு இவை முக்கியம். ஒன்று ஆண்குறியின் வேரைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. சிறுநீரின் கடைசிச் சொட்டையும் விந்தையும் வெளியே தள்ளுவது அதன் வேலை. இன்னொரு ஜோடி, விறைப்பின்போது ஆண்குறியின் அடிப்பகுதியை அழுத்தி உள்ளே இருக்கும் ரத்தத்தை வெளியேற விடாமல் பிடித்துவைக்கிறது. இந்தப் பகுதிக்கான முக்கிய நரம்பு முதுகுத்தண்டின் அடியிலிருந்து கிளம்பி, நாம் உட்காரும் எலும்புகளின் உட்புறமாக வருகிறது. சைக்கிள் சீட்டில் வெகுநேரம் உட்கார்ந்தால் சிலருக்கு அந்த இடம் மரத்துப்போவது இந்த நரம்பு அழுந்துவதால்தான்.

அறுவைக்குப் பிறகு ஏன் ஒழுகுகிறது என்பதற்கு வருவோம். சிறுநீர்ப்பையின் வாசலில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. நாம் நினைக்காமலேயே, தூக்கத்தில்கூட அது மூடியே இருக்கும். அதற்குக் கீழே புராஸ்டேட். அதற்கும் கீழே இரண்டாவது சுருக்குத் தசை, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படக்கூடியது. புராஸ்டேட்டை முழுதாக எடுக்கும்போது அதன் வழியே போகும் சிறுநீர்க்குழாயின் பகுதியும் சேர்ந்து போகிறது. முதல் சுருக்குத் தசையும் பெரும்பாலும் பாதிக்கப்படுகிறது. பையை நேரடியாகக் குழாயின் மிச்சப் பகுதியோடு வைத்துத் தைக்கிறார்கள். அதுவரை துணைக்கு மட்டும் இருந்த இரண்டாவது தசையும் அதைச் சுற்றியுள்ள இடுப்புத்தளமும் ஒரே நாளில் முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டியதாகிறது.

இதைப் புரிந்துகொண்டால் இன்னொரு குழப்பமும் தீரும். "ராத்திரி படுத்திருக்கும்போது ஒண்ணும் ஆகறதில்லை, காலையிலகூடப் பரவாயில்லை, சாயங்காலம் நாலு மணிக்கு மேலதான் தாங்க முடியலை" என்று பலர் சொல்வார்கள். நோய் முற்றுகிறதோ என்று பயப்படுவார்கள். பகல் முழுக்க உழைத்த தசை மாலையில் களைத்துப்போகிறது, அவ்வளவுதான். படுத்தால் மேலிருந்து வரும் அழுத்தம் குறைகிறது, ஒழுக்கும் குறைகிறது. இரவு நனையாமல் இருப்பது தேறி வருவதன் முதல் அடையாளம் என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

சரியான தசையைக் கண்டுபிடிப்பது

பயிற்சிக்குப் பெயர் தந்த ஆர்னால்ட் கெகல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர். பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர் கசியும் பெண்களுக்காக 1948-இல் அவர் இந்த முறையை எழுதி வெளியிட்டார். தசை எவ்வளவு இறுகுகிறது என்று அளந்து காட்ட ஒரு கருவியும் செய்தார். அது வெறும் பயிற்சியாக இல்லாமல், நோயாளி தன் தசையின் வேலையைக் கண்ணால் பார்த்துக் கற்கும் முறையாக இருந்தது. பிற்பாடு அளவுகோல் காணாமல் போனது; 'இறுக்குங்கள்' என்ற சொல் மட்டும் மிஞ்சியது. ஆண்களுக்கு வந்தபோது அது 'மலத்தை அடக்குவதுபோல இறுக்குங்கள்' என்று ஆயிற்று.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ரயன் ஸ்டாஃபர்ட், பால் ஹாட்ஜஸ் ஆகியோரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. விதைப்பைக்குப் பின்னால் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, ஆண்களிடம் வெவ்வேறு சொற்களில் கட்டளை கொடுத்து, உள்ளே எது எவ்வளவு அசைகிறது என்று அளந்தார்கள். 2016-இல் வெளியான அந்த முடிவுகளின்படி, 'ஆசனவாயைச் சுற்றி இறுக்குங்கள்' என்று சொன்னபோது பின்பக்கத் தசைகளே அதிகம் வேலை செய்தன. 'ஆண்குறியை உள்ளே இழுத்துக் குட்டையாக்குங்கள்' என்று சொன்னபோதுதான் சிறுநீர்க்குழாயை மூடும் தசை நன்றாக இயங்கியது. சிறுநீர் ஒழுகும் ஆணுக்குத் தேவையானது இந்த முன்பக்கத் தசைதான். மாதக்கணக்கில் ஒழுங்காகக் கெகல் செய்தும் பலனில்லை என்பவர்களில் பலர் உண்மையில் ஆசனவாயை மட்டுமே பலப்படுத்திக்கொண்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஆளுயரக் கண்ணாடி முன் உடையில்லாமல் நில்லுங்கள். கால்களைச் சற்று அகட்டி, முழங்காலைத் தளர்வாக விட்டு, மூச்சை இயல்பாக விட்டுக்கொண்டே, சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்துவதாக நினைத்து இழுங்கள். குளிர்ந்த நீரில் இடுப்பளவு இறங்கும்போது தானாக உள்ளே சுருங்குமே, அந்த அசைவு. சரியாகச் செய்தால் ஆண்குறியின் வேர் சற்று உள்ளே போகும், விதைகள் மெல்ல மேலே ஏறும். பெரிய அசைவாக இருக்காது. கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். விட்டதும் இரண்டும் பழைய இடத்துக்கு இறங்க வேண்டும். இந்த இறங்குவதையும் கண்ணாடியில் கவனித்துப் பாருங்கள்.

முதல் நாள் பெரும்பாலானோர் செய்வது வேறு. வயிறு உள்ளே போகும், நெஞ்சு தூக்கும், மூச்சு நின்றுவிடும், பிட்டம் இரண்டும் கல்லாக இறுகும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், தாடை இறுகியிருக்கும். மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்கினால் அழுத்தம் கீழ்நோக்கித்தான் போகும்; எதைத் தடுக்க நினைக்கிறோமோ அதுவே நடக்கும். ஒரு கையைத் தொப்புளுக்குக் கீழேயும் இன்னொரு கையைப் பிட்டத்திலும் வைத்துப் பாருங்கள். இரண்டு இடமும் மெத்தென்று இருக்க வேண்டும். இறுக்கிக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ண முடிந்தால் மூச்சைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். முழுப் பலத்தில் இழுக்காதீர்கள். பாதிப் பலத்தில் தொடங்கினால் பக்கத்துத் தசைகள் துணைக்கு ஓடிவராது.

சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்திப் பார்த்து, சரியான தசைதானா என்று எப்போதாவது ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம். தினசரிப் பயிற்சியாக அதைச் செய்யக் கூடாது. பை காலியாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் வாசலை மூடி மூடித் திறந்தால், முழுதாகக் காலியாகாமல் நின்றுபோகும் பழக்கம் வந்துவிடும். டியூப் உள்ளே இருக்கும் நாட்களிலும் பயிற்சி வேண்டாம். எடுத்த பிறகு மருத்துவர் சரி சொன்னதும் தொடங்கலாம்.

அளவைப் பொறுத்தவரை பொதுவாகச் சொல்லித்தருவது இது: ஐந்து நொடி இறுக்கம், பிறகு குறைந்தது அதே அளவுக்கு முழுத் தளர்வு, இப்படிப் பத்து முறை. அதோடு சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவது ஒரு பத்து. நாளைக்கு மூன்று வேளை. முதலில் படுத்துக்கொண்டு, பழகியதும் உட்கார்ந்து, பிறகு நின்றுகொண்டு. வாரங்கள் போகப்போக ஐந்து நொடியைப் பத்து வரை கொண்டுபோகலாம். ஐந்தாவது தடவையிலேயே தசை நழுவிவிடுகிறது என்றால் அன்றைக்கு ஐந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பஸ்ஸில், டிவி முன்னால், பூஜையறையில் என்று நாள் முழுக்க இறுக்கிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. அக்கறைதான் காரணம், ஆனால் களைத்த தசை மாலையில் இன்னும் அதிகமாக ஒழுக விடும். பலம் கூடியது தெரிய ஆறு வாரம், பலருக்கு மூன்று மாதம்கூட ஆகும்.

தனியாக உட்கார்ந்து செய்யும் பயிற்சி பாதிதான். தேவைப்படும் அந்த நொடியில் தசை வேலைக்கு வர வேண்டும். நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன்னால் நுனிக்கு நகர்ந்து, முன்னே சாய்ந்து, தசையை இழுத்துக்கொண்டு, மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். இருமல் வருவது தெரிந்ததும் இழுத்துவிட்டு இருமுங்கள். தண்ணீர்க் குடத்தையோ பேரப்பிள்ளையையோ தூக்கும்போதும் அப்படியே. முதலில் ஒவ்வொரு முறையும் நினைத்து நினைத்துச் செய்ய வேண்டியிருக்கும். சில மாதங்களில் உடம்பே பார்த்துக்கொள்ளும். என்னைக் கேட்டால், தினம் நூறு கெகல் செய்துவிட்டு எழும்போது மறந்துபோகிறவரைவிட, முப்பது செய்து எழும்போதெல்லாம் நினைவாக இழுப்பவர் சீக்கிரம் தேறுவார்.

அவசரம் முட்டிக்கொண்டு வரும்போதும் இதே தசை உதவும். ஓடாமல் அப்படியே நின்று, நான்கைந்து முறை சட்சட்டென்று இறுக்கி விடுங்கள். சிறுநீர்ப்பையின் சுருக்கம் அதனால் அடங்கும். அலை தணிந்ததும் நிதானமாக நடந்து போகலாம்.

அறுவை எதுவும் ஆகாதவர்களிடமும் பரவலாக இருப்பது இன்னொன்று. கழித்துவிட்டு, உதறிவிட்டு, பேன்ட் ஜிப்பைப் போட்டு நாலடி நடந்ததும் சில சொட்டு இறங்கும். விதைப்பைக்குப் பின்னால் சிறுநீர்க்குழாய் வளைந்து போகும் இடத்தில் தங்கியதுதான் அது. கடைசியில் அங்கே ஒரு முறை தசையை வலுவாக இறுக்கினால் வெளியே வந்துவிடும். வரவில்லை என்றால் விதைப்பைக்குப் பின்னால் விரல்களை வைத்து முன்னும் மேலுமாக மெல்ல வழித்துவிடலாம். உள்ளாடைக் கறையைவிடப் பெரிய கவலை சிலருக்கு உண்டு. தொழுகையில் குனிந்து நிமிரும்போது சொட்டிவிட்டால் ஒளு (தொழுகைக்கு முன் செய்யும் சுத்தம்) முறிந்துவிடுமே என்று பள்ளிவாசலுக்குப் போவதையே தள்ளிப்போடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அரை நிமிடப் பழக்கத்தில் தீரக்கூடியதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எவ்வளவு பலன் கிடைக்கும்

பெல்ஜியத்தின் லுவென் நகரில் 102 பேரை வைத்து நடந்த ஆய்வு 2000-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. புராஸ்டேட் எடுத்த பிறகு முறையாகத் தசைப் பயிற்சி பெற்றவர்களில் 88 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்தில் ஒழுக்கு நின்றிருந்தது. பயிற்சி பெறாதவர்களில் 56 சதவீதம். பதினோரு ஆண்டுகள் கழித்து அதே இதழில் பிரிட்டனிலிருந்து வந்த பெரிய ஆய்வு வேறு கதை சொன்னது. 411 பேரில் ஒரு பாதிக்கு மூன்று மாதத்தில் நான்கு முறை தனித்தனியாகப் பயிற்சி. ஓராண்டு முடிவில் ஏதோ ஓரளவு கசிவு இருப்பதாகச் சொன்னவர்கள் பயிற்சி பெற்ற பக்கத்தில் 76 சதவீதம், பெறாத பக்கத்தில் 77. வித்தியாசமே இல்லை.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் எதற்கு' என்று விட்டுவிடுவது அவசரம். பயிற்சி செய்யாவிட்டாலும் பெரும்பாலானவர்களுக்கு முதல் ஓராண்டில் நிலைமை தானாகவே மேம்படும். பயிற்சியின் லாபம் சீக்கிரம் தேறுவதில்தான் முக்கியமாகத் தெரிகிறது. மூன்றாவது மாதத்தில் சிறுநீரை உறிஞ்சும் பேடு இல்லாமல் வெளியே போக முடிவதும் பத்தாவது மாதத்தில் போக முடிவதும் ஒன்றாகாது. இன்னொன்று, எதைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது. முன்பு நடந்த ஆய்வுகள் பலவற்றில் ஆசனவாயை மையமாக வைத்தே பயிற்சி தரப்பட்டது, முடிவுகள் முன்னுக்குப்பின் முரணாக வருவதற்கு அதுவும் காரணம் என்று ஹாட்ஜஸ் குழுவினர் வாதிடுகிறார்கள். எனக்கு அந்த வாதம் நியாயமாகப் படுகிறது.

அறுவைக்குத் தேதி குறித்துவிட்டார்கள் என்றால், காத்திருக்கும் வாரங்களிலேயே கற்றுக்கொள்வது நல்லது. வலியும் வீக்கமும் இல்லாத நாளில் கண்டுபிடித்த தசையை, தையல் போட்ட பிறகு தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. "ஆபரேஷனுக்கு முன்னாடியே பிசியோவைப் பார்க்கலாமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள்.

முன்னேற்றத்தை மனதால் அளந்தால் ஏமாந்துபோவோம். ஒரு மோசமான மாலை முழு வாரத்தையும் மறைத்துவிடும். காய்ந்த பேடைச் சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். நனைந்ததை ஒரு கவரில் போட்டு மறுபடி நிறுங்கள். கூடியிருக்கும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி சிறுநீர். இருபத்துநான்கு மணி நேரத்துக் கணக்கை வாரம் ஒருமுறை எழுதிவந்தால் போதும். நனைந்துவிடுமோ என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் அடர்த்தியானால் பை எரிச்சலடைந்து அவசரம் கூடும். குறைக்க வேண்டியது காபியும் டீயும். மலச்சிக்கலையும் விடக் கூடாது, முக்குகிற ஒவ்வொரு முறையும் இந்தத் தளத்தைத்தான் கீழே தள்ளுகிறோம்.

விறைப்பு விஷயத்திலும் ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தின் பிசியோதெரபிஸ்ட் கிரேஸ் டோரி குழுவினர் 55 ஆண்களிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாத முடிவில் 40 சதவீதம் பேருக்கு விறைப்பு இயல்புக்குத் திரும்பியது, 35.5 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். மீதிப் பேருக்குப் பலனில்லை. சிறிய ஆய்வுதான். அதற்காகக் கெகல் செய்தால் உறுப்பின் அளவு கூடும் என்று வீடியோவில் சொல்வதை நம்ப வேண்டாம், கூடாது. விறைப்பு குறைவது சர்க்கரை நோய்க்கோ இதய ரத்தக் குழாய் அடைப்புக்கோ முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். பயிற்சியைத் தொடங்கும் முன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். புராஸ்டேட் அறுவையில் நரம்பு பாதிக்கப்பட்டதால் வந்த குறைவைத் தசைப் பயிற்சி மட்டும் சரிசெய்துவிடாது. அதற்கு வேறு சிகிச்சைகளும் தேவைப்படும்.

இறுகிப் போன தசை

இனி மற்ற பக்கம். முப்பது, நாற்பது வயது ஆள். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே ஏதோ உருண்டையின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு அழுத்தம். ஆண்குறியின் நுனியில் எரிச்சல். அடிக்கடி சிறுநீர் வரும், ஆனால் வரத் தாமதமாகும், மெலிதாக வரும். உறவுக்குப் பிறகு வலி ஒரு நாள் நீடிக்கும். 'சூடு பிடிச்சிருக்கு' என்று இளநீர், மோர், வெந்தயம், எண்ணெய்க் குளியல் எல்லாம் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போவார். புராஸ்டேட் வீக்கம் என்று ஆன்டிபயாட்டிக் தருவார்கள். சற்றுத் தேவலை மாதிரி இருக்கும், திரும்ப வரும், வேறு ஆன்டிபயாட்டிக். சிறுநீர்க் கல்ச்சரில் கிருமி எதுவும் இருக்காது.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் புராஸ்டேட் அழற்சியை நான்கு வகையாகப் பிரித்திருக்கின்றன. முதல் இரண்டும் கிருமியால் வருபவை. மூன்றாவது, கிருமி இல்லாத நாள்பட்ட இடுப்பு வலி. இந்தத் தொல்லையோடு வரும் ஆண்களில் மிகப் பெரும்பாலோர் மூன்றாவது வகைதான். அவர்களில் பலருக்கு இடுப்புத்தளத் தசைகள் முடிச்சுப் போட்டதுபோல இறுகியிருப்பதைப் பரிசோதனையில் காணலாம். விரலால் குறிப்பிட்ட இடத்தைத் தொட்டதும் "அதே வலிதான்" என்பார்கள். விடாத மன அழுத்தம், நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, பல வருட மலச்சிக்கல், எப்போதோ வந்த தொற்று என்று தொடக்கம் எதுவாகவும் இருக்கலாம். வலி வந்ததும் பயத்தில் தசை இன்னும் இறுகும், இறுகியதும் வலி கூடும். இவருக்குப் போய்க் கெகல் சொல்லிக்கொடுப்பது அநியாயம்.

இவர் கற்க வேண்டியது விடுவது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, கால்களுக்கடியில் தலையணை வைத்துக்கொண்டு, வயிறு உப்பும்படி மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும். மூச்சு உள்ளே போகும்போது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசை கீழே இறங்கும், அதோடு இடுப்புத்தளமும் சற்றுக் கீழே இறங்கி விரியும். அந்த விரிவை ஆசனவாய்க்கும் விதைப்பைக்கும் நடுவே உணர வேண்டும். முக்கக் கூடாது, இறங்க விட வேண்டும். முதல் சில நாட்கள் ஒன்றுமே தெரியாது என்பார்கள். பிறகு ஒருநாள், தான் பகல் முழுக்க அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தது தெரியவரும். டிராபிக்கில், அலுவலக மீட்டிங்கில், போன் மணி அடிக்கும்போது என்று பிடிக்கும் நேரங்களும் பிடிபடும். யோகா தெரிந்தவர்களுக்கு பாலாசனமும் ஆனந்த பாலாசனமும் உதவும். மூலபந்தத்தை மட்டும் வலி தீரும்வரை தள்ளிவையுங்கள், அதுவும் இதே தசைகளை இறுக்குவதுதான்.

இந்த வகை சிகிச்சையில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டின் கைவேலையும் உண்டு. வயிறு, தொடையின் உட்புறம், பிட்டம், தேவைப்பட்டால் ஆசனவாய் வழியாக உள்ளே, இறுகிய இடங்களை மெல்ல அழுத்தித் தளர்த்துவார்கள். 2009-இல் அமெரிக்காவில் ஆண்களும் பெண்களுமாக 47 பேரிடம் இதைச் சாதாரண உடல் மசாஜோடு ஒப்பிட்டார்கள். நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள் தசைச் சிகிச்சையில் 57 சதவீதம், மசாஜில் 21 சதவீதம். எண்ணிக்கை சிறியது என்றாலும், பல சுற்று ஆன்டிபயாட்டிக்கில் கிடைக்காத நிம்மதி இதில் கிடைத்தவர்கள் உண்டு.

பலவீனமா இறுக்கமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வலியும் சிறுநீர் தயங்கி வருவதும் தூக்கலாக இருந்தால் இறுக்கத்தைச் சந்தேகிக்கலாம்; இருமலில் ஒழுகுவது தூக்கலாக இருந்தால் பலவீனத்தை. ஆனால் இறுகிக் களைத்த தசையும் ஒழுக விடும் என்பதால் வீட்டிலேயே முடிவுகட்டுவது சரியாக வராது. பரிசோதனைதான் சொல்லும். முதல் சந்திப்பில் நேரம் பெரும்பாலும் பேச்சில்தான் போகும்: எத்தனை முறை போகிறீர்கள், எப்போது ஒழுகுகிறது, மலம் எப்படி, வேலை என்ன. பிறகு மூச்சையும் வயிற்றையும் பார்ப்பார்கள். அல்ட்ராசவுண்ட் வசதி இருந்தால் திரையில் உங்கள் தசை அசைவதை நீங்களே பார்க்கலாம். வார்த்தையால் பிடிபடாதது இதில் பலருக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். ஆசனவாய் வழிப் பரிசோதனை உங்கள் சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லலாம், பாதியில் நிறுத்தவும் சொல்லலாம்.

எல்லாம் செய்தும் ஓராண்டுக்குப் பிறகும் ஒழுக்கு தொல்லையாகவே இருந்தால், அது உங்கள் முயற்சிக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர்க்குழாயைக் கீழிருந்து தாங்கும் வலைப்பட்டை வைக்கும் அறுவை இருக்கிறது. ஒழுக்கு அதிகமானவர்களுக்குச் செயற்கைச் சுருக்கு வளையம் பொருத்துகிறார்கள். குழாயைச் சுற்றி நீர் நிரம்பிய ஒரு வளையம், விதைப்பைக்குள் ஒரு சிறு பம்பு. பம்பை அழுத்தினால் வளையம் தளர்ந்து சிறுநீர் போகும், சில நிமிடங்களில் தானாக மூடிக்கொள்ளும். இந்தத் தீர்வுகள் இருப்பதே தெரியாமல் பல ஆண்டுகள் டயப்பரோடு, கல்யாண வீட்டுக்கும் வெளியூருக்கும் போகாமல் ஒதுங்கிவிடுகிறார்கள்.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு கூடிய எரிச்சல், சிறுநீர் அடியோடு நின்றுபோவது, தொடையின் உட்புறமும் ஆசனவாய்ப் பகுதியும் திடீரென மரத்துப்போவது, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். திடீர் மரப்பும் சிறுநீர் நின்றுபோவதும் அன்றைக்கே பார்க்க வேண்டியவை.

நம் ஊரில் இதற்கான பிசியோதெரபிஸ்டைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். இடுப்புத்தளம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் மகப்பேறு பக்கம் இருக்கிறார்கள். யூராலஜி (சிறுநீர்ப் பாதை நோய்) பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளில் விசாரியுங்கள். போன் செய்யும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடலாம்: ஆண் நோயாளிகளைப் பார்க்கிறீர்களா, தசையை நேரில் பரிசோதித்துத்தான் பயிற்சி தருவீர்களா, வலியோடு வருபவர்களுக்குத் தளர்த்தும் சிகிச்சை செய்வீர்களா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய மூன்று நாட்களுக்கு எப்போது, எவ்வளவு குடித்தீர்கள், எப்போது கழித்தீர்கள், எப்போது ஒழுகியது என்று ஒரு தாளில் குறித்து எடுத்துப்போனால் முதல் சந்திப்பிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.